எதற்காகக் கொடுத்தார்னு ஒரு வரி

நேற்று குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர்க்கால ஜப்பானின் சுகாதார அமைச்சர் கொய்சுமி சிகாஹிகோ, ஜனங்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தாராம்; அவர் படத்துக்குப் பூ வைத்து ‘ஏழைகளின் வைத்தியர்’ என்று பதிவு. எதற்காகக் காப்பீடு கொடுத்தார் என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா எனக் கேட்டேன். கமென்ட்டையே தூக்கிவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம்.

மனுஷன் ராணுவ டாக்டர். கட்டாயப் படைச் சேர்ப்புக்கு வந்த பையன்களில் பலர் நோஞ்சான், காசநோய்க்காரர்கள் என்று ஜப்பான் ராணுவம் அலறியதில்தான் 1938-ல் சுகாதார நல அமைச்சகமே பிறந்தது. அதற்காக முன்னால் நின்று குரல் கொடுத்தவர் இவர். 1941-ல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பிரதமர் கொனோயேவிடம் கொஞ்ச நாள், அப்புறம் அடுத்த பிரதமர் டோஜோவிடம். ஊர் ஊராகக் காப்பீடு பரவியது உண்மை. நான் மறுத்தேனா? துப்பாக்கி தூக்கத் தெம்பான தோள் வேண்டியிருந்தது, கொடுத்தார். அதையும் எழுதுங்கள் என்கிறேன்.

“தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு பிரிட்டனும் இதைத்தானே செய்தது?” சரி, செய்தது. பிரிட்டன்காரன் படத்துக்கு நான் பூ வைத்தேனா?

இஷீ ஷிரோவைத் தெரியுமா? சீனாவில் ஹார்பின் பக்கம் பிங்ஃபாங்கில் கைதிகளுக்குப் பிளேக் கிருமி ஏற்றிப் பார்த்த ஜப்பான் ராணுவத்தின் 731-வது பிரிவின் தலைவர். அவரைக் கைதூக்கிவிட்ட மேலதிகாரிகளில் நம்ம ஏழைகளின் வைத்தியரும் ஒருவர். அந்தப் பிரிவுக்கு வைத்த பெயர் நோய்த்தடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புத் துறை! டோக்கியோவில் இஷீ வேலை பார்த்த பழைய ராணுவ மருத்துவக் கல்லூரி இருந்த இடத்தில் 1989-ல் கட்டடத்துக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அதற்கும் பூ வைப்பீர்களா?

என் அப்பாயியின் அண்ணனை மலாயா எஸ்டேட்டிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். 1943-ல் காலராவில் செத்தார். கூட இருந்தவர் ஊருக்கு வந்து சொல்லித்தான் தெரியும். அதற்கு முன்னால் அண்ணன் கொடுத்தனுப்பிய தகரப்பெட்டியில்தான் அப்பாயி கடைசிவரை சேலை மடித்து வைத்தது. பூட்டு உடைந்தும் மாற்ற விடவில்லை.

“அந்த ரயிலுக்கும் சுகாதார அமைச்சருக்கும் என்னங்க சம்பந்தம்?” நேரடியாக ஒன்றுமில்லை, எனக்கும் தெரியும். ஆனால் அதே வருஷம் அதே அரசாங்கத்தில் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு மந்திரி இவர். எந்த ஜனங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. தோன்றக் கூடாதா?

“மானஸ்தர், வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்” என்று ஒருவர் உருகியிருந்தார். 1945 செப்டம்பர் 13. அமெரிக்கர்கள் விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகு. ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். மானமாம்.

அட்மின் தம்பி, பூவை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். என் கமென்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ராத்திரி மறுபடி போடுவேன்.