பூஜ்யத்துக்கு மேலேயும் பனி பொழியும்

"மலையில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கு மேல் இருக்கிறது, அதனால் பனிப்பொழிவு முன்னறிவிப்பு தப்பு" என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள், அதையே பலரும் பகிர்கிறார்கள். அது சரியல்ல. தரையருகே 2, 3 டிகிரி இருக்கும்போதும் பனி பொழிவதுண்டு. மேகத்தில் உருவாகும் பனிச்செதில் கீழே வரும்போது உடனே உருகிவிடாது. காற்று வறண்டிருந்தால் செதிலின் ஈரம் ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செதில் குளிர்ந்தபடியே தரைக்கு வந்து சேரும். அதனால்தான் உறைநிலை உயரத்துக்கு (காற்றின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியாக இருக்கும் உயரம்) சில நூறு மீட்டர் கீழேகூடப் பனி விழுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரமான மெல்லிய துணியைச் சுற்றி, நிழலில், காற்று படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. சாதாரண தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டி, ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால், இது சுமார் மைனஸ் 1-க்கு வந்துவிடும். பனிச்செதில் குளிர்வதும் இந்த ஈரத்துணி போலத்தான்; அதனால் மழையா பனியா என்று கணிக்க முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். வெறும் வெப்பநிலையை மட்டும் வைத்து, பனி வராது என்று நம்பி யாரும் மலைப்பாதையில் வண்டி எடுத்துவிட வேண்டாம்.