என் நாவலை நானே பையில் சுமந்து விற்பது பற்றி

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் நாவலை ஒரு தம்பி காசு கொடுத்து வாங்கிக்கொண்டான். பக்கத்தில் இருந்த மாமா, "ஏம்ப்பா, எழுதுறவனே இப்படிப் பையில வச்சு வித்தா மதிப்பா இருக்குமா?" என்று கேட்டார். அன்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இலக்கியப் பத்திரிகையை 1970 வரை நடத்தினார். மனைவியின் நகைகளை விற்ற பணமும் அதில் போனது. தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே சுமந்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போன மனிதர், அந்தக் காலத்தைப் பற்றிய 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997இல் அவரே வெளியிட்டார். அப்போது வயது 85ஐ ஒட்டி. அடுத்த வருடம் டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது வந்தது 2001இல். அவர் தோளில் தொங்கிய பையை மதிப்புக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது, மாமா.

என் நாவலை எழுத ஆறு வருடம் ஆனது. விடிகாலை நாலரை முதல் ஆறரை வரை, பிறகு வேலைக்கு ஓட்டம். ஒரு பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதி பதினான்கு மாதம் கிடந்தது. ஆமென்றும் இல்லையென்றும் பதில் இல்லை. அப்புறம்தான் நானே 200 பிரதி அச்சிட்டேன்.

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அட்டைக்குச் செலவைக் குறைத்தாலும் மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்குக் குறைக்காதீர்கள். நான் நான்கு முறை படித்தும், 112ஆம் பக்கத்தில் ஒருவரின் பெயரே மாறியிருந்ததைப் பார்க்கவில்லை. பணம் கொடுத்து வைத்துக்கொண்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர்தான் பிடித்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு நம் நாட்டில் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளியிடும் புத்தகங்களை பொது நூலகங்களுக்குத் தர வேண்டும் என்கிற 1954ஆம் வருடச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அந்தப் பார்சலைத் தபால் நிலையத்தில் கொடுத்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம், வெளியீட்டு விழா நாளில்கூட இல்லை.

எழுதிய ஆறு வருடத்தில் படிப்பது குறைந்துபோனது. அது பெரிய தப்பு. என் நாவலின் பின்பாதியில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். இப்போது எழுதுவதற்கு முன் தினம் ஒரு மணி நேரம் படிக்கிறேன்.

போன வாரம் ஒரு பெரியவர் போன் செய்தார். பேருந்து நிலையத்தில் என் கையிலிருந்து வாங்கியவர், என் போன் எண்ணையும் அப்போது வாங்கியிருக்கிறார். "தம்பி, அந்தக் கிணத்துல ஆயில் எஞ்சின் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த வருஷம் எங்க பக்கம் எல்லாத்துலயும் கரண்டு மோட்டார் வந்தாச்சே" என்றார். நாற்பது நிமிடம் பேசினோம். அந்த மோட்டார் எழுப்பும் சத்தத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த அச்சில் அந்தப் பக்கம் மாறும்.