மூன்றாம் கிளாரினெட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்தில் தோழி ஒருத்தி என்னைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாள். அவள் மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான், ஆகஸ்டில் மிடில் ஸ்கூல். வாத்தியம் தேர்ந்தெடுக்கும் நாளன்று ஆசிரியர்கள் அவனை நாலைந்து மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியம் நன்றாக வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் மனசே இல்லை. "பேரே வாயில நுழையல. சாக்ஸஃபோன்னாவது சொல்லியிருக்கலாம். பேசாம பேண்ட் வேண்டாம்னு சொல்லிட்டு அந்தப் பீரியடுக்கு வேற ஏதாவது போட்டுடலாமான்னு பாக்கறோம்" என்றாள். அதே மூச்சில், "உன் பொண்ணு ஃபர்ஸ்ட் சேர்தானே?" என்றும் கேட்டாள். ஒரே வாத்தியக்காரர்களில் முதலிடம் பிடித்த பிள்ளை உட்காரும் நாற்காலி அது.

இல்லை என்றேன். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. இங்கே டெக்சாஸில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் பள்ளி பேண்டில் இருக்கிறார்கள். அவளைப் போலவே யோசிக்கிற பெற்றோர்களும் நிறையப் பேர். அதனால் அவளுக்குச் சொல்ல நினைத்ததைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு முடிக்கிறாள். கையில் கிளாரினெட் வந்து இரண்டு வருடம். இந்த வருடம் முழுக்க அவள் வாசித்தது மூன்றாம் கிளாரினெட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே பாட்டில் கிளாரினெட்டுக்கு மட்டும் பெரும்பாலும் மூன்று தனித்தனித் தாள்கள் இருக்கும். முதல் தாளுக்கு அநேகமாக மெட்டு கிடைத்துவிடும். மூன்றாம் தாளில் கீழ் ஸ்தாயியில் நீளநீளமாய் நிற்கும் சுரங்கள், நடுவே எட்டு பார், பன்னிரண்டு பார் (ஒரு பார் என்றால் ஒரு தாளச் சுற்று) என்று மௌனம். அந்த மௌனத்தையும் எண்ணியாக வேண்டும். "ஒன் டூ த்ரீ ஃபோர், டூ டூ த்ரீ ஃபோர், த்ரீ டூ த்ரீ ஃபோர்" என்று முதல் எண்ணில் பார் கணக்கை ஏற்றிக்கொண்டே போவாள். கால் கட்டைவிரல் ஷூவுக்குள் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

ஆறாம் வகுப்பில் முதல் சில வாரம் முழு வாத்தியத்தைச் சேர்க்கவே விடவில்லை. மவுத்பீஸ், அதற்குக் கீழே பேரல் என்ற சின்னத் துண்டு, அவ்வளவுதான். அந்த இரண்டை மட்டும் ஊதினால் எஃப் ஷார்ப் வர வேண்டும். நம் கணக்கில் நாலரைக் கட்டை. உதடு தளர்ந்தால் சுரம் இறங்கும், இறுக்கிக் கடித்தால் ஏறும். போனில் சுருதி காட்டும் ட்யூனரைத் திறந்து வைத்துக்கொண்டு, முள் நடுவில் அசையாமல் நிற்கும்வரை ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பாள். பக்கத்து அறையில் இருந்த எனக்கு என் பாட்டு டீச்சர் ஞாபகம் வந்தார். ஸட்ஜத்தில் நிற்கத் தெரியாமல் சரளி வரிசைக்குப் போகவே விடமாட்டார்.

பேண்ட் முழுவதும் சுருதி சேர்ப்பது பி ஃப்ளாட்டுக்கு, அதாவது ஆறரைக் கட்டைக்கு. அந்த ஒரே சத்தத்துக்குக் கிளாரினெட் தாளில் ஸி என்று எழுதியிருக்கும், ஹார்ன் தாளில் எஃப், ஆல்டோ சாக்ஸ் தாளில் ஜி. முதல் வருடம் இது எனக்குத் தலை சுற்றிய விஷயம். அவளுக்கு இரண்டே வாரத்தில் பழகிவிட்டது.

பிறகு ஜனவரி வாக்கில் 'பிரேக்' தாண்டும் படலம். கிளாரினெட் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லே போதும். ஏ சுரத்தில் விரல்கள் ஏறக்குறைய எல்லாமே விலகி நிற்கும். அடுத்த படியான பி-க்குப் போக, அத்தனை விரலும் ஒரே நேரத்தில் இறங்கி எல்லா ஓட்டையையும் மூட வேண்டும். ஒரு விரல் மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் கீச்சென்று வீடே அதிரும். மூன்று வாரம் அந்தக் கீச்சு. ஒரு புதன்கிழமை சாயங்காலம், நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, கீச்சு இல்லாமல் தாண்டிவிட்டாள். அவளே நிறுத்திவிட்டாள். பிறகு அதையே இன்னொரு தரம், இன்னொரு தரம் வாசித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்று கேட்டேன்.

இப்போது நம்மவர்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். எத்தனையாவது சேர்?

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, மறைக்க மாட்டேன். போன அக்டோபரில் அவள் வீட்டில் சாதகம் பண்ணுவதைக் கேட்டுவிட்டு, "இதுல பாட்டே இல்லையேடா, இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டேன். பதில் பேசாமல் பெட்டியை மூடினாள். இரண்டு நாள் கழித்துக் காரில் அவளாகவே சொன்னாள். ஒத்திகையில் பேண்டை நடத்தும் டைரக்டர் ஒரு இடத்தில் நிறுத்தி, மூன்றாம் கிளாரினெட்டும் ஹார்னும் வாசிக்காதீர்கள், மற்றவர்கள் மட்டும் வாசியுங்கள் என்றாராம். வாசித்திருக்கிறார்கள். மெட்டு இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் கூடாக இருந்ததாம். பிறகு இவர்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தாங்கம்மா. ஃப்ளூட்காரங்க எல்லாரும் பார்த்தாங்க."

அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. நம் காது மெட்டுக்குப் பழகிய காது. ஒரே குரல், அதன் பின்னால் நிழல் போல வயலின், அடியில் தம்புரா. அந்த அழகில் வளர்ந்த நமக்கு, நான்கு வேறு வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் நின்று ஒரு நிறத்தை உண்டாக்குவது சட்டென்று பிடிபடாது. கச்சேரிக்குப் போனால் ஃப்ளூட்டையும் ட்ரம்பெட்டையும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நடுவில் இருப்பவர்களின் சத்தம் தனியாகக் கேட்காது, அவர்கள் நிறுத்தினால்தான் தெரியும். நன்றாக வாசிக்கும் சில பிள்ளைகளை வேண்டுமென்றே மூன்றாம் தாளில் உட்கார வைக்கிற டைரக்டர்கள் இருக்கிறார்கள். கீழே கனம் இல்லாவிட்டால் மேலே இருப்பது நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். நாம்தான் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்கிறோம்.

வருடத்தில் தனி ஆளாகப் போட்டி போடும் இடமும் உண்டு. டெக்சாஸ் இசை ஆசிரியர் சங்கத்தின் ஆல் ரீஜன் ஆடிஷன், வட்டாரம் முழுவதற்குமான பேண்டுக்கு ஆள் எடுக்கும் தேர்வு. நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள், பிள்ளைக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். உள்ளே போன பிறகு வாய் பேசக் கூடாது. கொடுத்திருக்கும் எட்யூடுகளும் (பயிற்சிப் பாட்டுகள்) ஸ்கேல்களும் (சுர வரிசைகள்) வாசித்துவிட்டு வந்துவிட வேண்டும். என் மகள் போனாள், தேர்வாகவில்லை. அவள் பக்கத்து நாற்காலித் தோழிக்குக் கிடைத்தது. வருத்தம் இருந்தது, அழவும் செய்தாள். ஆனாலும் மறுநாள் தோழிக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதிக்கொண்டு போனாள். அந்த ஆடிஷன் தேவை என்றுதான் நினைக்கிறேன், நியாயமாகவும் நடக்கிறது. ஆனால் வருடம் என்பது அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் இல்லையே.

மார்ச்சில் நடக்கும் யூ.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்) பேண்ட் மதிப்பீட்டை நம்மவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த அமைப்பு அது. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை தரம். ஒன்றுதான் உயர்ந்தது. அன்றைக்கு வந்த எல்லாப் பள்ளியும் நன்றாக வாசித்தால் எல்லாருக்கும் ஒன்று கிடைக்கும். ஒரு பள்ளி ஜெயிக்க இன்னொரு பள்ளி தோற்க வேண்டியதில்லை. மேடையில் மாதக்கணக்கில் தயார் செய்த பாட்டுகள். அது முடிந்ததும் இன்னொரு அறையில் இதுவரை பார்த்தே இராத ஒரு பாட்டு, இதற்குப் பெயர் சைட் ரீடிங். தாளைத் திறந்ததும் ஊதக் கூடாது. டைரக்டர் சில நிமிடம் விளக்குவார், பிள்ளைகள் விரலை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், வாயால் பாடிப் பார்க்கலாம். நேரம் முடிந்ததும் வாசித்தாக வேண்டும். இரண்டிலும் ஒன்று வாங்கினால் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கோப்பை.

இந்த வருடம் நான் உதவிக்குப் போயிருந்தேன். கறுப்பு சாக்ஸ் மறந்து வந்த மூன்று பையன்களுக்கு சாக்ஸ், முடி கட்ட ரப்பர், தண்ணீர் பாட்டில் இதெல்லாம் என் பொறுப்பு. மேடைக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது, என் மகளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் ரீட், அதாவது மவுத்பீஸில் கட்டி ஊதும் மெல்லிய நாணல் சீவல், நுனி மூடியில் பட்டு உடைந்துவிட்டது. வாய்க்குப் பழகாத புது ரீடைப் போட்டுக்கொண்டு மேடை ஏற முடியாது. அந்தப் பெண் முகம் வெளுத்துப் போய் நின்றாள். என் மகள் தன் ரீட் பெட்டியைத் திறந்து, நன்றாக ஊதிப் பழகி வைத்திருந்த இரண்டரை நம்பர் ரீட் ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்துத் துடைத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் திருகாணியை முறுக்கி, விரலால் நுனியைச் சரி பார்த்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள்.

மேடையில் ஒன்று கிடைத்தது. சைட் ரீடிங் அறையில் இரண்டு. கோப்பை இல்லை. பஸ்ஸில் நிறையப் பிள்ளைகள் அழுதார்கள். சுருதியும் தாளமும் எங்கே கலைந்தது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது, யாரும் இன்னொருவர் மேல் பழி போடவில்லை. அன்று மேடையில் வாசித்தபோதுதான் எனக்கு முதல் முறையாக மூன்றாம் கிளாரினெட் தனியாகக் காதில் விழுந்தது. மெதுவான இரண்டாம் பாட்டில், ட்ரம்பெட்டுக்குக் கீழே, பழுப்பு நிறமாய் ஒரு சத்தம். அது என் பெண் இருக்கும் இடத்திலிருந்து வந்தது.

டிசம்பர் கச்சேரியைப் பற்றி ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் வாசிப்பார்கள், பெரிய பேண்ட் கடைசியில். தன் பிள்ளையின் பகுதி முடிந்ததும் குடும்பம் குடும்பமாக எழுந்து போய்விடுகிறார்கள். இதில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு, நம்மவர்களும் உண்டு. முதல் வருடம் நாங்களும் அப்படித்தான் போனோம், மறுநாள் காலை பாட்டு வகுப்பு என்று. இந்த வருடம் மகள் சொன்னாள்: "லைட் போட்டப்போ பாதி ஹால் காலியா இருந்துச்சும்மா." நான்கு மாதம் உழைத்த பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். தயவுசெய்து கடைசிவரை உட்காருங்கள். இன்னும் அரைமணி நேரம்தான்.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. இந்த மாநிலத்தில் 1984-லிருந்து சட்டமே இருக்கிறது. பாடத்தில் 70-க்குக் கீழே போனால் போட்டிக்குப் போக முடியாது. என் மகளுக்குச் சமூக அறிவியல் மதிப்பெண் ஒருமுறை இறங்கியபோது, நான் பார்க்கும் முன்பே அவளே டீச்சரிடம் போய் நின்றாள். மூன்றாம் கிளாரினெட்டில் மொத்தமே நாலு பேர், நான் போகவில்லை என்றால் மூன்று பேர்தான் என்றாள்.

இன்னொரு பயம், இது நம் வாத்தியம் இல்லையே என்பது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) அரண்மனையிலேயே மேனாட்டு பேண்ட் வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்கார பேண்ட் மெட்டுகளைக் கேட்டு சமஸ்கிருத வரிகள் போட்டவைதான் நோட்டு ஸ்வரங்கள். பாட்டு வகுப்பில் கற்ற நோட்டு ஸ்வரம் ஒன்றை என் மகள் கிளாரினெட்டில் தானாகவே எடுத்து வாசித்தபோது, அந்தப் பாட்டு தன் சொந்த வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. லால்குடியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னேன், பேத்தி கிளாரினெட் கற்றுக்கொள்கிறாள் என்று. "அட, ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பாரே, அதா? அதுக்கு மூச்சு வேணுமே, பிள்ளை நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டார்.

மே மாதக் கச்சேரி முடிந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கான ஆடிஷனும் ஆகிவிட்டது, பட்டியல் இன்னும் வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை ஹை ஸ்கூல் ஃபுட்பால் ஆட்டத்தில் பெரிய பேண்டோடு கேலரியில் உட்கார்ந்து வாசிக்க விடுவார்கள். அவள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். பட்டியலில் எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கப் போவதில்லை.

இனி என் தோழிக்கு. யூஃபோனியம் டியூபாவின் சின்னத் தம்பி மாதிரி இருக்கும், ஆண் குரலில் பாடும். மார்ச் பாட்டுகளில் மேலே மெட்டு ஓடும்போது அடியில் இன்னொரு மெட்டு எதிரே நடந்து வருமே, அநேகமாக அது யூஃபோனியம்தான். விலையை நினைத்துப் பயப்படாதே, பெரிய வாத்தியங்களைப் பல பள்ளிகள் தாங்களே கொடுக்கின்றன. வீட்டுக்கு ஒன்று, பள்ளியில் ஒன்று என்று கொடுக்கிற இடங்களும் உண்டு, கேட்டுப் பார். இன்றைக்கு ராத்திரி பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, யூடியூபில் யாராவது தனியாக யூஃபோனியம் வாசிப்பதைத் தேடிப் போடு. அவன் முகத்தைப் பார். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்று நீதானே சொன்னாய்.