சுரபி நாடகத்தில் நூல் தெரிகிறது, இருக்கட்டுமே

ஹைதராபாத் போகும் நண்பர்களிடம், சுரபிக்காரர்கள் (தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கில் நாடகம் போடும் குடும்பத்தினர்) நாடகம் எங்காவது நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பிரியாணி எங்கேயும் ஓடிவிடாது என்பேன். பார்த்துவிட்டு வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நூல் தெரியுதுப்பா." தந்திரக் காட்சிகளில் ஆளையும் பொருளையும் அந்தரத்தில் நகர்த்துகிற நூலைத்தான் சொல்கிறார்கள். அந்த ‘ஆனா’வோடுதான் என் சண்டை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் கதை. 1885இல் கடப்பா பக்கம் சுரபி என்ற கிராமத்தில் ‘கீசக வதம்’ போட்டார்கள். போட்டவர்கள் அதுவரை தோல்பாவை ஆட்டிக்கொண்டிருந்த குடும்பத்தினர், பூர்வீகம் மராட்டியம். (நம் ஊரில் தோல்பாவைக்கூத்து நடத்துகிறவர்களும் வீட்டில் மராட்டி பேசுகிறவர்கள்தான். அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.) வனாரச கோவிந்த ராவ் அதைக் கம்பெனியாக வளர்த்தார். குடும்பம் பெருகப் பெருகக் கம்பெனியும் கிளை பிரிந்தது. ஒரு காலத்தில் முப்பதுக்கு மேல் குழுக்கள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டன. இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பெரிய பெயர் 1937இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா நாட்டிய மண்டலி. அதை நடத்திய நாகேஸ்வர ராவுக்கு (எல்லாருக்கும் பாப்ஜி) 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

என்ன போடுகிறார்கள்? மாயாபஜார், பாதாள பைரவி, பக்த பிரகலாதா, கிருஷ்ண லீலை, பாலநாகம்மா, வீரபிரம்மேந்திர சுவாமி சரித்திரம். நாரதர் மேகத்திலிருந்து இறங்குவார். இரண்டு பக்கமிருந்தும் அம்புகள் வந்து நடுவில் மோதிப் பொறி பறக்கும். கடோத்கஜன் வாயைத் திறந்தால் லட்டு தட்டிலிருந்து தானாகக் கிளம்பி உள்ளே போகும். மாயாபஜார் சினிமாவில் கடோத்கஜனாக நடித்த ரங்காராவுக்கு 1957இல் கேமரா துணையிருந்தது. இங்கே இருப்பது நூல், கப்பி, கயிறு, அப்புறம் சைடு விங்கில் நிற்கும் ஒருவருடைய கை. நடுநடுவே ஆர்மோனியத்தோடு பத்யம் (ராகம் போட்டுப் பாடும் செய்யுள்) வேறு. நன்றாக இழுத்துப் பாடினால் தெலுங்கு ஜனம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்காமல் விடாது.

அந்தக் கை யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியம். மேலே தொங்குகிற நாரதருக்குக் கயிறு பிடிப்பவர் அவருடைய மாமாவோ மச்சானோவாக இருப்பார். போன காட்சியில் அவரே சேவகன், அடுத்த காட்சியில் அசுரன். ஆர்மோனியத்தில் பெரியப்பா, பிரகலாதனாக பேரன். படுதா வரைவது, உடை தைப்பது, லைட் போடுவது எல்லாம் வீட்டு வேலை மாதிரி நடக்கிறது. கூலிக்கு ஆள் வைத்து இதையெல்லாம் செய்யப் பார்த்தால் ஒரே வாரத்தில் கணக்கு இடிக்கும். தந்திரக் காட்சி என்று நாம் சொல்வது பெருமளவு உறவுமுறைதான்.

நம் பக்கம் பாலர் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். சின்னப் பையன்களைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, பாடம் ஏற்றி, குரல் உடையும்வரை ஸ்திரிபார்ட் (பெண் வேடம்) போடவைத்தார்கள். பெரிய கலைஞர்கள் அதில் உருவானார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தபோது ஆளுக்கொரு திசையில் போக முடிந்தது. சுரபியில் கம்பெனியைக் கலைப்பதும் வீட்டைக் கலைப்பதும் ஒன்று. அங்கே பெண் வேடத்தில் பெண்களே நடித்ததும் அதனால்தான் இயல்பாக நடந்தது. நாடகம் நடக்கும்போதே பிரசவ வலி வந்து சுரபி கமலாபாய் மேடையில் பிறந்தார், ஜனங்கள் அதையும் காட்சி என்று நினைத்துக் காசு வீசினார்கள் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ, சொல்கிறவர்கள் கண்ணில் பெருமை மின்னும். அந்தக் கமலாபாய்தான் தெலுங்கின் முதல் பேசும்படமான பக்த பிரகலாதாவில் லீலாவதி. இயக்கியவர் நம் முதல் பேசும்படமான காளிதாஸை எடுத்த அதே எச்.எம். ரெட்டி. கொட்டகைகளைக் காலி செய்யப்போகிற சினிமாவுக்கு முதல் கதாநாயகியை அனுப்பிவைத்ததும் கொட்டகைதான்.

சரி, இவர்களுக்குப் புராணத்தை விட்டால் வேறொன்றும் வராது என்பார்கள். 1990களில் கன்னட நாடக இயக்குநர் பி.வி. காரந்த் வந்து இவர்களோடு உட்கார்ந்து, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘செசுவான் நல்லவள்’ கதையை ‘பஸ்தி தேவத யாதம்மா’ என்று மேடையேற்றினார். வந்ததே! ஆனால் வருஷம் முழுக்க அரிசி வாங்கித் தந்தது மாயாபஜார்தான்.

இளைய தலைமுறை படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறது. "பாரம்பரியம் அழிகிறதே" என்று அந்தப் பிள்ளைகள்மேல் பழி போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தன் பிள்ளையை மாதச் சம்பளத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்தவர் பிள்ளை கயிற்றில் தொங்கட்டும் என்பது என்ன நியாயம்? நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு குடும்பம் தன் உழைப்பைக் கணக்கில் எழுதாமல்தான் நமக்குச் சல்லிசாக டிக்கெட் கொடுத்துவந்திருக்கிறது. விருதும் பொன்னாடையும் அந்த இடைவெளியை அடைக்காது. சினிமா டிக்கெட் விலையை இதற்கும் வைக்கட்டும், நாம் முனகாமல் கொடுப்போம். இலவசப் பாஸ் கேட்கிற பழக்கத்தை முதலில் விடுவோம்.

அடுத்த முறை போனால் நடுவில் உட்காராமல் முன்வரிசையில் ஓரமாக இடம் பிடியுங்கள். நூல் நன்றாகவே தெரியும். அதைப் பிடித்திருக்கிற ஆளும் தெரிவார்.