அவனைப் பைத்தியம் என்று சொல்லாதீர்கள்

நார்வேயின் ஆண்டர்ஸ் ப்ரெய்விக் வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "77 பேரைக் கொன்றவனுக்கு வெறும் 21 வருடமா?" என்று கொதிக்கிறோம். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வழக்கில் நான் பதறிப்போய்க் கவனித்தது வேறொன்றை.

2011 ஜூலை 22. ஒஸ்லோவில் அரசு அலுவலகங்களுக்கு நடுவே குண்டு வைத்து 8 பேரைக் கொன்றான். அப்புறம் போலீஸ் உடையில் உட்டோயா தீவுக்குப் போய், தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் 69 பேரைச் சுட்டுக் கொன்றான். பாதிக்கு மேல் பதின்வயதுப் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹம்சாயினி குணரத்தினம் அன்று ஏரியில் நீந்தித்தான் உயிர் தப்பினார்.

கொன்றது நான்தான் என்று அவனே சொல்லிவிட்டான், குற்றம் என்று மட்டும் ஏற்கவில்லை. ஆகவே விசாரணை முழுக்க ஒரே கேள்வி: அவன் சித்தம் தெளிந்தவனா, இல்லையா? முதலில் பரிசோதித்த இரண்டு மருத்துவர்கள் மனச்சிதைவு நோய் என்றார்கள். அடுத்து வந்த இருவர் இல்லை என்றார்கள். சந்தேகம் இருக்கிறதே என்று அரசுத் தரப்பே அவனை மனநல மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னது. அது நடந்திருந்தால் அவன் குற்றவாளியே அல்ல, நோயாளி!

எங்கள் உறவில் ஒருவருக்கு இதே நோய் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறார், ஒருவரையும் கடிந்துகூடப் பேசமாட்டார். கொலைகாரனை அவரோடு ஒரே வரிசையில் உட்கார வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து, உரத்தை வாங்கிக் குவித்து, 1500 பக்கத்துக்கு மேல் எழுதித் தயாரானவன் இவன். இஸ்லாமியர் மீதும் குடியேறியவர்கள் மீதும் அவன் கக்கிய வெறுப்பை, நல்ல தெளிவோடு இருக்கும் எத்தனையோ பேர் இன்றும் பேசுகிறார்கள். பைத்தியம் என்று சொன்னால் அந்த வெறுப்புக்கு யார் பொறுப்பு?

2012 ஆகஸ்ட் 24 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: அவன் தெளிவாகத்தான் இருந்தான், செய்ததற்கு அவனே பொறுப்பு. சரி, அந்த 21 வருடம்? அவனால் ஆபத்து இருக்கிறது என்று நீதிமன்றம் கருதும்வரை, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொண்டே போகலாம். சாகும்வரைகூட.

அந்த ஐவரில் மூவர் சட்டம் படித்த நீதிபதிகள் அல்ல, பொதுமக்கள். அப்படி முதலில் உட்கார்ந்த ஒருவரை இரண்டாம் நாளே எழுப்பி அனுப்பினார்கள். தாக்குதலுக்கு மறுநாள், மரண தண்டனைதான் நியாயம் என்று முகநூலில் எழுதியிருந்தாராம். அவ்வளவு கறாராக நடத்திய விசாரணை. இறந்த ஒவ்வொருவரின் பிரேதப் பரிசோதனை விவரத்தையும் படித்து, கூடவே அவர் படத்தைக் காட்டி, அவர் எப்படிப்பட்டவர் என்று நாலு வரியும் சொன்னார்கள். 77 பேருக்கும். அவன் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் பரோல் கேட்டு வந்தான். உள்ளே நுழையும்போதே நாஜி சல்யூட். மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.