கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சண்டை, இந்தப் பக்கம் ஃபேடர்

‘ஸ்டீரியோஃபோனிக்’ நாடகம் என்று வாயெடுத்தாலே, “ஃப்ளீட்வுட் மேக் ராக் இசைக்குழுவின் கதைதானே? இதில் யார் யார்?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. 1976, கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ, ஒரு ராக் குழுவுக்குள் உடைந்துகொண்டிருக்கும் ஜோடிகள், முடிவேனா என்று இழுக்கும் ஒரு ஆல்பம். அந்தக் குழுவின் கதையும் இதுதான், கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகத்தை ஆள் அடையாளம் சொல்லும் விளையாட்டாகவே பார்த்துவிட்டு வந்தால், டிக்கெட் காசு தண்டம்.

கவனிக்க வேண்டியது அரங்கத்தை. முன்னால் கண்ட்ரோல் அறை, ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் கன்சோல். பின்னால் கண்ணாடி, அதற்குள் வாசிக்கும் அறை. உள்ளே பேசுவது வெளியே கேட்க வேண்டுமானால் மைக் திறந்திருக்க வேண்டும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்துபிடியான ஃபேடர் ஏறியிருக்க வேண்டும். வெளியே பேசுவது உள்ளே போக, டாக்பேக் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுத்தால் அவ்வளவுதான். டேவிட் அட்ஜ்மி எழுதிய இந்த நாடகத்தின் மொத்த சூட்சுமமும் இந்த ஒருவழிப் பாதைதான். மைக் திறந்திருப்பதை மறந்துவிட்டுக் காதலர்கள் கடித்துக்கொள்வார்கள். வெளியே இரண்டு இன்ஜினியர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள். ஃபேடரை இறக்கினால் அதே சண்டை ஊமைப்படம். ஒட்டுக்கேட்க கதவு மறைவு, திரைச்சீலை எதுவும் வேண்டியதில்லை.

அடுத்தது, டிரம் சத்தத்தைச் சரிசெய்யும் பாடு. “இவ்வளவு நேரமா?” என்று பலர் நெளிவது இங்கேதான். விஷயம் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சமும் மிகையில்லை. ஸ்னேர் டிரம்முக்கு அடியில் கம்பிச் சுருள்கள் உண்டு. பக்கத்து டாம் டிரம்மோ பேஸ் கிட்டாரோ அதன் சுருதியில் அதிர்ந்தால், யாரும் தொடாமலே அது ‘சர்ர்’ என்று கூடவே இரையும். டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், ஸ்னேரில் கம்பிக்குப் பக்கத்துத் திருகைத் தளர்த்தலாம், தோலில் டேப் ஒட்டலாம். அதிகமாக ஒட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். இதில் ஒரு நாள் போவது சர்வசாதாரணம். தூங்காமல் கிடக்கும் ஐந்து பேர் அந்த ஒரு நாளில் ஒருவரையொருவர் எதற்கெல்லாம் குற்றம் சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிளிக் டிராக் தகராறும் இதே ரகம். டிரம்மர் காதில் ‘டிக் டிக்’ ஓடவிடுவது தாளம் ஓடாமல் இருக்கத்தான். அவர் காதுக்கோ “உன் தாளத்தில் எனக்கு நம்பிக்கையில்லை” என்றுதான் கேட்கும்.

டேப் காலத்துக் கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. இரண்டு அங்குல டேப், 24 டிராக், 2500 அடி ரீல். விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் சொச்சம், ரீல் காலி. பாட்டில் ஒரு வரி மட்டும் சரியில்லை என்றால் அந்த இடத்தில் ‘பஞ்ச் இன்’ செய்து மேலேயே பதிய வேண்டும். பழையது அழிந்தே போகும், திரும்ப வராது. மூச்சு எடுக்கும் இடைவெளியில் பொத்தான் விழ வேண்டும். ஒரு நொடி முந்தினால் முந்தைய சொல்லின் வால் போச்சு. உச்ச ஸ்தாயிக்குத் தொண்டை எட்டாமல் ஒருத்தி திணற, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவள் ஆளே “இன்னொரு முறை” என்பது ஏன் அவ்வளவு குரூரமாகப் படுகிறது என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

வில் பட்லர் எழுதிய பாடல்களை நடிகர்களே வாசித்துப் பாடுகிறார்கள். ஓடும் டிராக்குக்கு வாயசைத்திருந்தால் இந்த நாடகம் அன்றைக்கே செத்திருக்கும். பாதி டேக்கில் கிட்டார் தடுமாறி நிற்கும்போது, அந்த மௌனம் நிஜமாக விழ வேண்டுமே. பாடல்கள் முழுசாக வருவதில்லை என்று குறைப்படுபவர்களுக்கும் இதுதான் பதில்: ஸ்டுடியோவில் பாட்டு அப்படித்தான் காதில் விழும், துண்டு துண்டாக.

2024இல், அமெரிக்க பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில் 13 பரிந்துரைகள். மியூசிக்கல்களை விட்டுவிட்டால், அதுவரை எந்த நாடகத்துக்கும் அத்தனை வந்ததில்லை. வென்ற ஐந்தில் டேவிட் ஜின்னின் அரங்கமைப்பும் ரயன் ரூமரியின் ஒலியமைப்பும் உண்டு. என்னைக் கேட்டால் அந்த இரண்டும்தான் மிகச் சரியான பரிசுகள். கடைசிப் பகுதி இழுவை. இருபது நிமிடம் வெட்டலாம். அந்த டிரம் காட்சியில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.