தோடு கிடைத்துவிட்டது

செய்த தப்பை, நம் பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் சொல்வது எவ்வளவு சுலபம் என்று 2023 டிசம்பரில்தான் தெரிந்துகொண்டேன். சென்னையிலிருந்து மதுரைக்கு ராத்திரி ரயில். எதிர் லோயர் பெர்த்தில் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும். விழுப்புரம் தாண்டியும் இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. லைட்டை எல்லாம் அணைத்துவிட்டிருந்தார்கள். அந்த இருட்டில், வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை மளமளவென்று கொட்டிவிட்டேன்.

விஷயம் இதுதான். 2011 மே மாதம். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஐந்து வருஷப் பழக்கம். என் மகனுக்கு முதல் மொட்டை போட்டபோது கோயிலுக்கு எங்களோடு வந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கழற்றி வைத்த தோட்டில் ஒன்றைக் காணவில்லை. "எடுத்தீங்களா" என்று நான் கேட்கவே இல்லை. அதுதான் என் சாமர்த்தியம். "அக்கா, தோடு எங்கயாச்சும் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை குரல் மாறிவிட்டது. எனக்கே அது தெரிந்தது.

அவர் ஒன்றும் பேசாமல், கொண்டுவந்திருந்த ஒயர்கூடையைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தார். ஒரு எவர்சில்வர் டப்பா, வெற்றிலைப் பொட்டலம், பேத்திக்கு வாங்கிய சளி டானிக். அந்த பாட்டில் உருண்டுபோய் கிரைண்டர் காலில் முட்டி நின்றது. அப்புறம் முந்தானையை உதறிக் காட்டினார். "ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்" என்றேன். ஆனால் தரையில் கிடந்ததை எல்லாம் கண்ணால் துழாவிக்கொண்டுதான் அதைச் சொன்னேன். நான் துழாவியதை அவரும் பார்த்தார்.

மறுநாளிலிருந்து வரவில்லை. அந்த மாதம் பதின்மூன்று நாள் சம்பளம் பாக்கி. அதை வாங்கவும் வரவில்லை.

2012 பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினோம். பின்னால், ஒட்டடைக்குள், திருகாணியோடு கிடந்தது தோடு.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் வீடு ஆறு தெரு தள்ளித்தான். போகவில்லை. அந்தப் பக்கம் இருக்கிற ரேஷன் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். என் அக்காவிடம் ஒருமுறை பாதி சொன்னேன். "விடுடி. யாரா இருந்தாலும் கேட்டுத்தான் இருப்பாங்க. நீ என்ன அவளைத் திருடின்னா சொன்ன?" என்றாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் டானிக் பாட்டில் மறுபடி உருண்டது.

ரயிலில் அந்த அம்மா நடுவில் "ம்" தவிர எதுவும் சொல்லவில்லை. முடித்ததும் "விடும்மா" என்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

இன்று பெயர் சொல்லாமல் மனதைத் திறக்க எத்தனையோ வழி இருக்கிறது. சொன்ன உடனே ஆறுதலும் வந்து குவிகிறது. 'உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள்', 'நல்ல மனசு இருப்பதால்தானே வருத்தப்படுகிறீர்கள்'. இதை நான் கிண்டல் செய்யவில்லை. அப்பா ஐசியுவில் கிடந்தபோது குளிக்க வீட்டுக்குப் போன நேரத்தில் அவர் உயிர் போய்விட்டது என்று வருஷக்கணக்காகக் குமைகிறவருக்கு அது மருந்து. அவர் செய்தது தப்பே இல்லை. ஆனால் என் கதை அப்படியில்லை. கடன் வாங்கியது ஒருவரிடம். 'பரவாயில்லை, தர வேண்டாம்' என்று சொல்வது இன்னொருவர். அது எப்படிக் கணக்காகும்?

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நியூயார்க்கின் ஆலன் பிரிட்ஜ் நினைவுக்கு வருகிறார். ஓவியர், சிற்பி. கடைகளில் பொருள் திருடும் பழக்கமும் இருந்தவர். 1980-இல் ஒரு தொலைபேசி எண்ணோடு, கூப்பிடுகிறவர் பேசுவதைப் பதிவு செய்யும் ஆன்சரிங் மெஷினை வைத்துவிட்டு மன்ஹாட்டனில் போஸ்டர் ஒட்டினார். நீங்கள் தீங்கு செய்தது மனிதர்களுக்கு. அரசாங்கத்திடமோ கடவுளிடமோ இல்லை, மனிதர்களிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பெயர் சொல்ல வேண்டாம். கூப்பிட்டார்கள். சின்னத் திருட்டு முதல் கொலை செய்ததாகச் சொன்னவர்கள் வரை. தன் பெயரையும் அவர் மறைத்துக்கொண்டு 'மிஸ்டர் அப்பாலஜி' ஆனார். பதினைந்து வருஷம் டேப் ஓடியது. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: மனிதர்களிடம் மன்னிப்புக் கேள் என்று போஸ்டர் சொன்னது, மன்னிப்பு போய் விழுந்தது ஒரு மெஷினில். அடிபட்டவன் காதுக்கு அது போனதா? 1995-இல் அவர் கடலில் முக்குளித்துக்கொண்டிருந்தபோது ஜெட் ஸ்கீ ஒன்று மோதி இறந்துபோனார். ஓட்டியவர் நிற்கவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது.

பெயர் மறைப்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் குடியை விட நினைத்தவர்கள்தான் என்பது என் கட்சி. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயரிலேயே அநாமதேயம். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தப்பை இன்னொரு மனிதரிடம் ஒளிக்காமல் சொல்வது. அதோடு விடமாட்டார்கள். எட்டாவதில் யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போட வேண்டும். ஒன்பதாவதில் நேரில் போய் ஈடுசெய்ய வேண்டும். போவதால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கெடுதல் என்றால் மட்டும் விலக்கு. அந்த விலக்கை நான் பல வருஷம் எனக்குச் சாதகமாகப் படித்துக்கொண்டேன். 'இப்போது போனால் பழசைக் கிளறினது மாதிரி ஆகிவிடும், பாவம் அவங்க' என்று.

என் கத்தோலிக்கத் தோழியிடம் கேட்டேன், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்தால் சரியாகிவிடுமா என்று. சிரித்தாள். பாவமன்னிப்பு கிடைத்தாலும் திருடியதைத் திருப்பித் தர வேண்டும், அவதூறு சொல்லியிருந்தால் அவர்களுடைய நல்ல பெயரையும் மீட்டுத் தர வேண்டும் என்று அவர்கள் மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறதாம். நான் திருடியது தோடு இல்லை, பெயர். ஒரு வீட்டில் நின்றுவிட்டால் ஏன் நின்றாய் என்று அடுத்த வீட்டில் கேட்பார்களே. என்ன சொல்லியிருப்பார்?

2024 தை மாதம் போனேன். பாக்கிச் சம்பளம் அன்றைய கணக்கில் 520 ரூபாய். கவரில் ஐந்தாயிரம் வைத்தேன். லஞ்சம் மாதிரி தோன்றியது. எடுத்தேன். மறுபடி வைத்தேன். அந்தத் தெருவுக்குள் நுழையும்போது ரேஷன் கடை இடம் மாறிப்போயிருந்தது.

வாசல் திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

"தோடு கெடச்சிருச்சாம்மா?"

"கெடச்சிருச்சுக்கா. அந்தப் பொங்கலுக்கே. பீரோவுக்குப் பின்னாடி."

கவர் கைப்பைக்குள்ளேயே இருந்தது.

"அந்தப் பொங்கலுக்கேவா?" என்றார். என்னைப் பார்க்காமல் அடுத்த கண்ணியைக் கட்டினார்.